கப்பல் இன்னும் கிளம்பவில்லை

பந்தலூர் பேருந்து நிலையத்தின் மூலையில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், வாசுகி பதினோரு வருடமாகத் தேங்காய் ரொட்டி சுட்டு விற்று வந்தாள். கடைக்குப் பெயர் இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள், கட்டட வேலைக்குக் கேரளா பக்கம் போகிற ஆண்கள், நடத்துநர்கள், ஆசிரியர்கள் என்று ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர் வந்தார்கள். யாரும் கடையின் பெயரைக் கேட்டதில்லை. தொட்டுக்கொள்ளச் சம்பல் இன்னும் கொஞ்சம் வை என்றுதான் கேட்டார்கள்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, பேருந்து நிலையத்தில் வடிகால் வேலை நடக்கப் போகிறது, தார்ப்பாய்களை எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, குன்னூரில் ‘தாயகம் திரும்பியோர் தொழில்முனைவு அடையாள மையம்’ திறக்கப் போகிறார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களில் இருபத்தைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, சரக்குக்கு எப்படிப் பெயர் வைப்பது, அந்தப் பெயரை எப்படிப் பரப்புவது என்று பயிற்சி கொடுப்பார்கள். முடிவில் ஒரே ஒருவருக்கு ஊட்டி ஏரிச் சாலையில் ஒரு கடை. கூரை, ஷட்டர், தண்ணீர்க் குழாய் மூன்றும் உள்ள கடை.

வாசுகியின் மனதில் நின்றது குழாய்தான். மாவு பிசையவும் கை கழுவவும் பதினோரு வருடமாக அவள் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

வாசுகி பிறந்தது பந்தலூரில். எங்கேயும் போனதில்லை, அதனால் எங்கிருந்தும் திரும்பியதில்லை. கப்பலில் வந்தவள் அவளுடைய அம்மா சின்னம்மை. ஆனாலும் காகிதப்படி வாசுகி தாயகம் திரும்பியவள். விண்ணப்பம் போட்டாள்.

மையம் பெரும்பாலும் பந்தலூர்க்காரர்களுக்காக ஏற்பட்டது. அது குன்னூரில் இருந்ததற்குக் காரணம், இயக்குநர் ரவிச்சந்திரனின் வீடு குன்னூரில் இருந்தது. பத்து மணி வகுப்புக்கு வாசுகி ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் துணைக்குத் தம்பி மனோகரனின் மனைவி கலைமதியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கலைமதிக்குச் சொந்த ஊர் அன்னூர். கல்யாணத்துக்கு முன்னால் கோவையில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தவள். எந்தச் சேலையையும் தன் அக்காவுக்கு எடுப்பது போல எடுத்துப் போட்டுப் பேசத் தெரியும். பந்தலூருக்கு வந்த பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசுகியிடம் உட்கார்ந்து ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். முதல் வாரத்து ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. கடை எதுவும் அவளுக்கு இல்லை. தையல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

திறப்பு விழாவுக்கு இருபத்து நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். கோப்பில் இருபத்தைந்து என்று எழுதி முத்திரையும் குத்தியாகிவிட்டது. சுவரோரமாகக் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற கலைமதியிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். குடும்ப அட்டையில் மாமியார் சின்னம்மையின் பெயர் இருந்தது. அது போதும் என்றார்கள்.

“அண்ணி, சும்மா தலை ஒண்ணு கொறையுதுன்னு கேக்கறாங்க. போட்டுக் குடுத்துரட்டுங்களா?” என்றாள் கலைமதி.

“போட்டுக் குடு, பாவம்,” என்றாள் வாசுகி. அந்த வாக்கியத்தைப் பிறகு வந்த பத்து மாதங்களில் அவள் பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

ரவிச்சந்திரன் தொடக்க உரை ஆற்றினார். “இந்த மக்களுக்காக முப்பது வருடமாக யாரும் எதுவும் செய்யவில்லை என்று சிலர் குற்றம் சொல்கிறார்கள். நான் அதே துறையில் முப்பத்தொரு வருடம் பணியாற்றியவன். பொறுப்போடு சொல்கிறேன், அது உண்மை. என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. உங்களிடம் இல்லாதது நிலமோ கடனோ கட்டடமோ அல்ல. பிராண்ட்.”

கை தட்டினார்கள். ஒரு கட்டடத்தின் உள்ளே இருந்துதான் தட்டினார்கள்.

அடுத்து ஆலோசகர் ஆதித்யா பேசினார். பெங்களூரிலிருந்து வந்தவர், முப்பது வயது இருக்கும், கணுக்கால் தெரிகிற கால்சட்டை. குளிருக்கு அந்தக் கணுக்கால் நீலம் பாரித்திருந்ததை இருபத்தைந்து பேரும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்கள் ரொட்டி விற்பதாக நினைக்கிறீர்கள்,” என்றார் அவர் வாசுகியிடம். “ரொட்டியை யாரும் வாங்குவதில்லை. ரொட்டிக்குப் பின்னால் இருக்கிற காயத்தைத்தான் வாங்குகிறார்கள்.”

“இல்லீங்க சார், தெனம் நூத்திருவது ரொட்டி போகுது.”

“அது பசி. பசியை ஒரு சந்தையாகச் சொல்ல முடியாது.”

வாசுகி குறிப்பேட்டில் ‘பசி சந்தை இல்லை’ என்று எழுதிக்கொண்டாள்.

எல்லோருக்கும் ஒரு கையேடு கொடுத்தார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கடை வைத்தால் எப்படிப் பெயரெடுப்பது, யாரிடம் எப்படி விற்பது என்று, அங்கே முடிக்கு எண்ணெய் காய்ச்சி விற்ற ஒரு கறுப்பின அம்மாள் எழுதியது. மையம் அதைத் தமிழாக்கியிருந்தது. ‘கறுப்பின’ என்று வந்த இடங்களில் எல்லாம் ‘தாயகம் திரும்பிய’ என்று போட்டிருந்தார்கள். மற்றதை மாற்ற நிதியாண்டு இடம் கொடுக்கவில்லை.

வாசுகி அதை வரி வரியாகப் படித்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில், ‘தாயகம் திரும்பிய மக்கள் மனம்விட்டுப் பேசுகிற இடம் முடிதிருத்தகம். உங்கள் அட்டைகளை முதலில் அங்கே வையுங்கள்’ என்று இருந்தது. மையம் அச்சடித்துக் கொடுத்த இருநூறு அட்டைகளை எடுத்துக்கொண்டு அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஆறுக்குட்டியின் சலூனுக்குப் போனாள். பெண் ஒருத்தி உள்ளே வந்ததும் நாற்காலியில் இருந்தவர் பாதிச் சவரத்தோடு எழுந்து நின்றார்.

“ஏனுங்க, ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?” என்றார் ஆறுக்குட்டி.

“இல்லண்ணே. எங்க ஆளுங்க மனசு விட்டுப் பேசுற எடம் இதுதானாம். அட்டை வைக்கச் சொன்னாங்க.”

ஆறுக்குட்டி யோசித்தார். “இங்க எல்லாரும் அரசியல்தானுங்க பேசறாங்க. சரி, வெச்சுட்டுப் போங்க.”

ஒரு வாரம் கழித்து அவரே ரொட்டி வாங்க வந்தார். “அட்டை தீந்து போச்சுங்க.”

வாசுகிக்கு மனம் நிறைந்தது. “எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்களா?”

“கத்தியில நொரை வழிக்கறதுக்கு நல்லா இருந்துச்சுங்க. நல்ல கனமான அட்டை. இன்னும் இருந்தாக் குடுங்க.”

செப்டம்பரில் ‘மூலக் கதை’ என்ற பாடம் தொடங்கியது. ஒவ்வொருவரும் கப்பலில் வந்த கதையைச் சொல்ல வேண்டும். வாசுகி அம்மாவையே அழைத்துப் போனாள். சின்னம்மைக்கு அறுபத்தைந்து வயது. பதினான்கு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறியவள். மகனோடும் கலைமதியோடும் அடுத்த தெருவில் இருந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒலிவாங்கி கொடுத்திருந்தார்கள்.

“கப்பலில் நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் அம்மா?” என்றார் ஆதித்யா.

“வாந்திதான்.”

“அதற்குப் பிறகு?”

“எதுக்க இருந்த ஆளு ஒரு பன்னு குடுத்தாரு. நல்ல பன்னு. மேல சீனி தூவி இருந்திச்சு.”

“கரை மறையும்போது யாராவது அழுதார்களா?”

“எங்க தம்பி அழுதான்.”

ஆதித்யா முன்னால் சாய்ந்தார். “ஏன் அழுதார்?”

“அவனுக்குப் பன்னு கெடைக்கல.”

ஆதித்யா ஒலிவாங்கியை அணைத்தார். துயரக் குறியீட்டில் வாசுகிக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டார்கள். குறிப்புப் பகுதியில், ‘விண்ணப்பதாரரிடம் ஸ்கூட்டர் உள்ளது. வீட்டுக்குக் காங்கிரீட் கூரை. நேர்காணலில் இருமுறை சிரித்தார். தேவைக்கு அதிகமான திருப்தி தென்படுகிறது’ என்று எழுதியிருந்தது.

கலைமதி அதே மாமியாரின் அதே கதையை மறுநாள் சொன்னாள். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. ஜவுளிக் கடையில் இருபது நிறங்களைக் கண் முன் விரித்த கைகளால் விரித்தாள், அவ்வளவுதான்.

“எங்க அத்தைக்கு அப்பப் பதினாலு வயசுங்க. கையில ஒரு பன்னு. அந்தப் பன்னைத் தின்னுட்டா ஊரு முடிஞ்சு போயிருமுன்னு கையிலயே வெச்சிருந்தாங்க. கரை மறைஞ்சுது. தம்பி அழுதான். அத்தை அழுகலீங்க. இன்னைக்கு வரைக்கும் அழுகலீங்க.”

ரவிச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொண்ணூற்றொன்று.

அன்று திரும்புகிற பேருந்தில் கூடலூர் வரை வாசுகி கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். ரொட்டி அவள் சொல்லிக் கொடுத்தது. அம்மா அவளைப் பெற்றவள். கதையில் வந்த பன் அவள் சிறுவயதிலிருந்து நூறு முறை கேட்ட பன். மூன்றும் பக்கத்து இருக்கையில் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தன. கலைமதியின் தலையைத் தோளிலிருந்து விலக்க வேண்டும் என்று தோன்றியது. விலக்கினால் எழுந்துவிடுவாள், எழுந்தால் பேச வேண்டும் என்பதால் விட்டுவிட்டாள்.

ஜனவரியில் அடையாளத் தேர்வு நடந்தது. தோட்டத்து வழக்கங்களில் ஒன்றை நடுவர்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும். மேசையில் பால் இல்லாத தேநீரும் ஒரு கிண்ணத்தில் சீனியும் இருந்தன. வாசுகி இரண்டு கரண்டி சீனியைத் தேநீரில் போட்டுக் கலக்கிக் குடித்தாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கலைமதி சீனியை இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். ஒரு நக்கு, ஒரு மடக்கு, ஒரு நக்கு, ஒரு மடக்கு. இலங்கைத் தோட்டங்களில் பிளேன்டி குடிக்கிற விதம் அதுதான். சின்னம்மை தினமும் அப்படித்தான் குடிக்கிறாள். கல்யாணமான புதிதில் கலைமதிக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது.

“பார்த்தீர்களா,” என்றார் ஆதித்யா வாசுகியிடம் கனிவாக. “உங்களுக்கு வேர் அறுந்துவிட்டது. அவருக்கு இருக்கிறது.”

வாசுகியும் ஐந்தாம் வகுப்பு வரை அப்படித்தான் குடித்தாள். ஒருநாள் கையில் ஒட்டியிருந்த சீனியைப் பார்த்த ஆசிரியை, ‘சிலோன்காரப் புத்தி’ என்று சொல்லி வகுப்பின் முன்னால் கையை நீட்டச் சொல்லி அடித்தார். அன்றிலிருந்து டம்ளரில் கலக்கிக் குடிக்கிறாள். இதை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வதற்கு விடைத்தாளில் இடமும் இல்லை.

ஆனாலும் அவள் கையேட்டை நம்புவதை நிறுத்தவில்லை. முப்பதாம் பக்கத்தில், ‘பிப்ரவரி மாதம் முழுவதும் நாடு தாயகம் திரும்பிய மக்களின் வரலாற்றைக் கொண்டாடுகிறது. பெரிய நிறுவனங்கள் உங்களைத் தேடி வரும். சரக்கை முன்கூட்டியே சேர்த்துவையுங்கள்’ என்று இருந்தது. ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி அவள் அறுபது தேங்காய் வாங்கி அடுக்கினாள். கணவன் முத்துவேல், தொழிற்சாலையில் இலை லாரி ஓட்டுகிறவன், அடுக்கைச் சுற்றி வந்தான்.

“யாருக்குக் கல்யாணம்?”

“பிப்ரவரி முழுக்க நாடு நம்மளக் கொண்டாடுது. புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“எந்த நாடு?” என்றான் முத்துவேல்.

அது சரியான கேள்வி. ஆனால் கேட்டது கணவன் என்பதால் அவள் பதில் சொல்லவில்லை. பிப்ரவரியில் மையம் தன் வாசலில் ஒரு பேனர் கட்டியது. வேறு கொண்டாட்டம் நடந்ததாகத் தகவல் இல்லை. மாதக் கடைசியில் தேங்காய்கள் முளைவிட ஆரம்பித்தன.

மார்ச்சில் முடிவு வந்தது. ஏரிச் சாலைக் கடை பத்து மாதத்துக்குக் கலைமதிக்கு. பரிசை வாங்கும்போது அவள் மேடையில், “எல்லாம் எங்க அண்ணி சொல்லிக் குடுத்ததுங்க,” என்றாள். வாசுகி பொறாமையில் கேட்ட வாக்கியங்களிலேயே மிக மோசமானது அதுதான். அண்ணியிடம் திருடினேன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் அவள் ஒரு மனு எழுதினாள். கலைமதி பிறந்தது அன்னூர். அவளுடைய அப்பா அம்மா கப்பலைப் பார்த்ததே இல்லை. விசாரிக்க வேண்டும்.

மையம் உடனே விசாரித்தது. நம்பகத்தன்மைக் குழு என்று ஒன்று இருந்தது. அதற்கு அதுவரை வேலை வரவில்லை என்பதால் ஐந்து உறுப்பினர்களும் உற்சாகமாக வந்திருந்தார்கள்.

“உங்கள் மனு உண்மைதான்,” என்றார் ரவிச்சந்திரன். “அதனால்தான் தள்ளுபடி செய்கிறோம். பிறப்பு என்பது ஒரு தகவல். அடையாளம் என்பது ஒரு முயற்சி. அவர் முயற்சி செய்கிறார். நீங்கள் சும்மா அதுவாகவே இருக்கிறீர்கள். சும்மா இருப்பவர்களுக்குக் கடை கொடுத்தால் பயிற்சி எதற்கு என்று தணிக்கையில் கேட்பார்கள். எனக்கும் ஒரு வருத்தம் உண்டு அம்மா. தோடர்களுக்குப் பூவேலைத் துணி இருக்கிறது. ஊட்டி பேக்கரிக்காரர்களுக்கு வர்க்கி இருக்கிறது. மாவட்டக் கூட்டங்களில் எங்கள் மையத்துக்கு மட்டும் மேசையில் வைக்க ஒன்றும் இருக்காது. கலைமதி வந்த பிறகுதான் நாங்கள் முன்வரிசையில் உட்காருகிறோம்.”

வீட்டில் சின்னம்மை மகளைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். “அவ ஊரு அன்னூருன்னு மனு எழுதினியாமே. பொண்ணு பாக்கப் போனதே நான்தானே. எங்கிட்டக் கேட்டிருந்தா பஸ்ஸு நம்பரே சொல்லியிருப்பேன்.”

மனுவைப் பற்றிக் கலைமதி எதுவும் கேட்கவில்லை. ஏப்ரலில் மனோகரனோடு ஊட்டிக்குக் குடிபோனாள். சின்னம்மை மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வடிகால் வேலை வந்தது. தார்ப்பாயை எடுத்தார்கள். சாமான்களைத் தெருவில் வைத்துக்கொண்டு நின்ற வாசுகியை ஆறுக்குட்டி பார்த்தார். “ஏனுங்க, எங்கடை முன்னால எடம் சும்மாத்தான இருக்குது. முடி வெட்டக் காத்திருக்கறவனெல்லாம் டீக்கடைக்குப் போயிட்டு அப்படியே ஊட்டுக்குப் போயிர்றான். ரொட்டி இருந்தா இங்கயே ஒக்காருவான்.” சலூனில் குழாய் இருந்தது. வாசுகி முதல் நாள் காரணமில்லாமல் மூன்று முறை கை கழுவினாள்.

அந்த நாட்களில்தான் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். எழுத்து சிறியதாக இருந்ததால் மையத்தில் அதை யாரும் பாடமாக எடுக்கவில்லை. ஆதலால் எதையும் மாற்றவும் இல்லை. அந்தக் கறுப்பின அம்மாள் எழுதியிருந்தாள்: ‘என் அம்மா பருத்திக் காட்டில் பட்டதை நான் எண்ணெய்ப் புட்டியில் ஒட்டவில்லை. என் சோகத்தைக் கேட்டவர்கள் ஒரு முறை வாங்கினார்கள். சொன்ன நேரத்துக்குக் கடை திறந்தபோது தினமும் வாங்கினார்கள். உன்னிடம் வாங்குகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேள்.’

வாசுகி கேட்டாள். எத்தனை மணிக்குக் கடை திறக்கும் என்று எழுதிப் போடச் சொன்னார்கள். ‘காலை 6.10’ என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினாள். ஒரு மாதத்தில் நூற்றிருபது ரொட்டி நூற்றெண்பது ஆயிற்று. சந்தோஷமாக இருந்திருக்கலாம். ஆனால் 6.10 என்று எழுதியதற்கு யாரும் மேடையில் சால்வை போடுவதில்லை. அவளுடைய மனம் ஊட்டியிலேயே இருந்தது. கலைமதியின் கடை எப்படி இருக்கும், கூட்டம் வருமா, வரக்கூடாதே என்று நினைத்தபடி மாவு பிசைந்தாள். மே மாதம் ஒரு நாள் கடையை முத்துவேலிடம் விட்டுவிட்டு, ஸ்வெட்டர் போட்டுத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, சுற்றுலா வந்தவள் போல ஊட்டிக்குப் போனாள்.

கூட்டம் இருந்தது.

கடையின் பின்சுவர் முழுக்க ஒரு மூதாட்டியின் படம். முகத்தில் ஆயிரம் சுருக்கம். சின்னம்மையைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே இருந்ததால் வேறு ஒருவரை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கலைமதியின் படமும் எங்கேயும் இல்லை. அவளுக்குக் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். ரொட்டி உள்ளங்கையில் பாதி அளவு. வெங்காயம் மணக்கும் என்று சம்பலை நிறுத்திவிட்டு, சிவப்பாக ஒரு சொட்டு ஏதோ வைத்திருந்தார்கள். நூற்றெண்பது ரூபாய்க்கு ரொட்டி, பிளேன்டி, உள்ளங்கையில் சீனி, நான்கு நிமிடக் கதை.

வரிசை நகர்ந்து வாசுகி முன்னால் வந்தாள். வெள்ளைச் சேலையில் நின்ற கலைமதி நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். ஆனால் விருந்தினரிடம் கதையைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது, பக்கத்தில் கையில் கைக்கணினியோடு மையத்தின் மேற்பார்வைப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“கையை நீட்டுங்க,” என்றாள் கலைமதி.

வாசுகி இடது கையை நீட்டினாள். சீனி விழுந்தது. கை தானாக வாய்க்குப் போயிற்று.

“மேடம், மேடம்,” என்றாள் மேற்பார்வைப் பெண். “இப்ப நக்கக்கூடாது. மூணாவது பத்தி முடிஞ்ச பிறகுதான். கப்பல் இன்னும் கிளம்பல.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசுகி கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். கலைமதி ஆரம்பித்தாள். பதினாலு வயசு. கையில ஒரு பன்னு. இந்தக் குரலை அன்றைக்கு நாற்பதாவது முறையாக உபயோகிக்கிறாள் என்பது தெரியாத அளவுக்கு நன்றாகச் சொன்னாள். கடைசியில், “அத்தை அழுகலீங்க,” என்று சொல்லும்போது வாசுகிக்குக் கண்ணீர் கொட்டியது. இவ்வளவு நன்றாக என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது என்று நினைத்துத்தான் அழுதாள். பொறாமையில் அழுகிற முகமும் மற்ற முகங்களைப் போலத்தான் இருக்கும். மூலையில் இருந்த புகைப்படக்காரர் வரிசையாக எட்டுப் படம் எடுத்தார்.

வெளியே போகும்போது மேற்பார்வைப் பெண் கேட்டாள். “அனுபவம் எப்படி இருந்துச்சு மேடம்?”

“அது எங்கம்மா,” என்றாள் வாசுகி.

“சூப்பர் மேடம். எந்த ஊரு?”

“பந்தலூரு.”

கைக்கணினியில் சென்னை, பெங்களூரு, கொச்சி, வெளிநாடு என்று நான்குதான் இருந்தன.

ஜூன் முதல் வாரத்தில் ஊட்டி முழுவதும் சுவரொட்டி வந்தது. ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண், நீட்டிய உள்ளங்கை, கன்னத்தில் கண்ணீர். கீழே, ‘என் அம்மாவையே பார்த்தது போல இருந்தது – சென்னையிலிருந்து ஒரு பயணி’. கூடலூரிலும் ஒட்டினார்கள். சலூனுக்கு வந்த ஒரு நடத்துநர் கைபேசியில் படமெடுத்து வந்து காட்டினார். மகளுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சின்னம்மை அதை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

“எதுக்கு இப்படி அழுவுற?”

“ரொட்டி நல்லாயில்லம்மா.”

“அதுக்கு அழலாம்,” என்றாள் சின்னம்மை.

அன்று பதினோரு மணிக்குக் கலைமதி அழைத்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் வாசுகிக்குப் போன் செய்வது அதுதான் முதல் முறை.

“அண்ணி, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“படம் பாத்தீங்களா? நல்லா வந்திருக்குதுங்க. எம்படம் எட்டுத் தடவை எடுத்தாங்க. ஒண்ணுகூட ஒட்டலீங்க. கன்னத்தக் கொறைச்சுட்டு வரச் சொன்னாங்க. நீங்க ஒரே ஒரு நாளு வந்தீங்க, ஊரு பூராம் ஒட்டிட்டாங்க.”

வாசுகி இன்னொரு உருண்டை மாவை எடுத்துத் தட்டினாள்.

“ஆதித்யா சார் உங்களத் தேடிட்டு இருக்காருங்க. யாரு அந்த அழுத மேடம், புடிச்சுட்டு வாங்கன்னு. பத்து மாசம் பாடம் எடுத்தவருக்கு ஸ்கார்ஃபுல ஆளு தெரியலீங்க. அடுத்த வருசத்துக் கடைக்கு அந்த மொகந்தான் வேணுமாம். எங்கிட்டக் கேட்டாருங்க.”

“நீ என்ன சொன்ன?”

ஊட்டியில் ஏதோ வண்டி ஹாரன் அடிப்பது கேட்டது.

“யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டனுங்க,” என்றாள் கலைமதி.

ஒரு வருடமாக வாசுகிக்குள் இருந்த ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. அவள் எழுதிய மனுவுக்கும் இந்தப் பதிலுக்கும் ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை; இரண்டும் ஒரே பொறாமைதான். கலைமதி தன் குடும்பத்து ஆள்தான் என்று முதன்முறையாகத் தோன்றியது.

“நல்லதாப் போச்சு,” என்றாள். “ஞாயித்துக்கெழம லீவு கேட்டுட்டு வா. ரொட்டி சாப்பிடலாம்.”

“சம்பல் இருக்குங்களா அண்ணி? வெங்காயம் போட்டு?”

“கண்ணுல தண்ணி வர்ற மாதிரி இருக்கு.”

பேசி முடித்த பிறகு வாசுகி கைபேசியில் மையத்தின் எண்ணைத் தேடி எடுத்தாள். ஏரிச் சாலைக் கடை, கூரை, ஷட்டர், குழாய் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்துக்குப் பின்னால் இருந்தன. அந்த முகம் என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திரையில் விரலை வைத்தாள். விரல் முழுக்க மாவு, எண் அழுந்தவில்லை.

குழாய் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் கழுவவில்லை. கல்லில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.